ஆல்மா பெரியப்பாவின் வலது கை

அமெரிக்கப் பாலைநிலத்தில் எங்கள் சபையார் மட்டும் வாழும் ஷைலோவில் தலைவரை யாரும் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆல்மா ஹாஸ்லமுக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்துபோனது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "நல்லது." கஞ்சி கொடுத்தாலும் நல்லது. சாவுச் செய்தி சொன்னாலும் நல்லது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டாலும் நல்லது, திறக்கட்டுமா என்றாலும் நல்லது.

எங்கள் சபையில் ஓர் ஆணுக்குப் பல மனைவிகள் உண்டு. பார்த்துக்கொள்ள பெரியப்பா வீட்டிலேயே பதினெட்டு மனைவிகள் இருந்தார்கள். அதுதான் சிக்கல். யார் ஊட்டுவது, யார் கட்டிலருகே உட்காருவது என்று முதல் வாரமே சண்டை மூண்டது. ஒருத்தி போர்த்திய போர்வையை இன்னொருத்தி உருவிவிட்டுத் தன்னுடையதைப் போர்த்தினாள். நடுவில் கிழவர் குளிரில் கிடந்தார். சபையை நடத்தும் ஆசாரியர் குழு கூடி, அந்த வீட்டைச் சேராத ஒருத்தியை வைப்பது என்று முடிவு செய்தது. அப்படி வந்தவள் திர்சா.

கல்யாணத்துக்கு முன்னால் மாவட்டத் தலைநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். நாற்பது வயது, அகன்ற தோள், குறைந்த பேச்சு. ஆழ்குழாய்க் கிணறு போடும் நோலனுக்கு இரண்டாவது மனைவி. மூத்தவள் ஓர்பா. இருவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீடும் ஊரில் உள்ள மற்ற வீடுகளைப் போலப் பாதி கட்டி நின்றது. முடித்துவிட்டால் வரி கட்ட வேண்டும் என்பதால் வெளிச்சுவரில் கறுப்புத் தார்த்தாளை ஆணியடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். மண்ணும் சுவரும் சபையின் சொத்து. சபை இரு என்றால் இருக்கலாம்.

அந்த வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஓர்பாவும் திர்சாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ரொட்டி மாவு பிசையும்போது, துணி காயப்போடும்போது, நோலன் ஏதாவது வாய்விட்டு மாட்டிக்கொள்ளும்போது. எங்களில் பல மனைவிகள் உள்ள வீடுகளில் அமைதி உண்டு, ஒழுங்கு உண்டு, ஜெபம் உண்டு. சிரிப்புச் சத்தம் கேட்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். திர்சா எதற்காக எதைச் செய்தாள் என்று யாராவது கேட்டால், அந்த வீடு சிதறக் கூடாது என்பதற்காக என்றுதான் சொல்ல வேண்டும்.

கையைத் தூக்கும் வழக்கம் ஒரு குழந்தையில் தொடங்கியது. பெரியப்பாவின் இளைய மகன் லேகி. லேகியின் மூத்த மனைவி ரோவேனாவுக்கு வரிசையாகக் கருக்கலைந்து, கடைசியில் ஒரு பெண் பிறந்தது. பெயர் வைத்து ஆசீர்வதிக்கக் கொண்டுவந்தார்கள். எங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் வலது கை. அப்பம் எடுப்பது வலது கை, சத்தியம் செய்வது வலது கை, பெயர் வைப்பதும் வலது கை. பெரியப்பா குழந்தையைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். ரோவேனா குழந்தையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.  கிழவரின் கண்ணில் தண்ணீர் கோத்தது.

திர்சா யோசிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் தினமும் செய்த வேலைதான். ஒரு கையை அவர் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து, மறு கையை முழங்கைக்கு அடியில் கொடுத்து, அந்தக் கனத்தைத் தூக்கிக் குழந்தையின் நெற்றிமேல் வைத்தாள். "நல்லது" என்றார் பெரியப்பா. பக்கத்தில் நின்ற மூத்த மகன் ஹைரம் மீதி வார்த்தைகளை அவர் சார்பில் சொன்னார்.

வெளியே வந்ததும் ரோவேனா திர்சாவின் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ இல்லேன்னா என் பிள்ளைக்குப் பேரே இல்லாமப் போயிருக்கும்டி."

"கைய தூக்கினேன். வேற என்ன?" என்றாள் திர்சா.

அதற்குப் பிறகு அது முறையாகவே ஆகிவிட்டது. பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர் வைக்கக் குழந்தைகள், சபையில் மூப்பர் பட்டம் பெறப்போகும் வாலிபர்கள், நெடும்பயணம் போகும் லாரிக்காரர்கள், முத்திரிப்புக்கு வந்த மணமக்கள். எங்களிடம் கல்யாணம் என்றால் முத்திரிப்பு. இந்த உயிருக்கு மட்டுமல்ல, இதற்கப்புறமும் இவளுக்கு இவன் என்று தலைவரின் கை வைத்துக் கட்டுவது. திர்சா ஒவ்வொரு தலைக்கும் அந்தக் கையைத் தூக்குவாள், இறக்குவாள். பெரியப்பா நல்லது என்பார். ஹைரம் பேசுவார்.

ஹைரமின் பேச்சு மாதத்துக்கு மாதம் நீண்டது. ஒருநாள் சபைப் பண்டகசாலையில் கோதுமை மூட்டைக்காக நின்ற இடத்தில் நோலன் சொல்லிவிட்டான்.

"பெரியப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்றார். அதுக்கு ஹைரம் அரை மணி நேரம் விளக்கம் சொல்றான். வேதாகமத்துக்கே இவ்வளவு உரை இல்லப்பா."

வரிசை முழுவதும் சிரித்தது. சிரிக்காத ஒருவன் இருந்திருக்க வேண்டும், அன்று மாலையே அது ஹைரமின் காதுக்குப் போய்விட்டது.

அப்போதே ஊரில் இரண்டு பக்கம் உண்டாகியிருந்தது. பழைய வழக்கப்படி தலைவர் இறந்தால் ஆசாரியர் குழுவில் நெடுங்காலம் இருப்பவர் அடுத்த தலைவர். அந்த வரிசையில் முதல் ஆள் ஓரின் லன்ட், பாசனத் தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடும் பொறுப்பில் இருந்தவர். உரத்த குரல், காது மந்தம், யாருக்கும் பயமில்லை. நோலன் அவர் ஆள். ஹைரம் குழுவிலேயே இல்லை. தலைவர் தன் கையை வைத்து ஒருவரை நேரடியாக அபிஷேகம் செய்துவிட்டால் வரிசை செல்லாது என்பது மட்டுமே அவருக்கு இருந்த வாசல்.

பெரியப்பா உயிரோடிருக்கும்போதே அவர் பெயரில் மூன்று பேரை ஹைரம் ஊரைவிட்டு அனுப்பினார். அதில் ஒருவர் வெர்ல், சபையின் மர அறுவை ஆலையைப் பார்த்தவர். சபையில் மூத்த ஆண்கள் எல்லாரும் எங்களுக்குச் சித்தப்பாதான். "தூரத்துல இருந்து மனந்திரும்புங்க சித்தப்பா. திருந்தினா கூப்பிட்டுக்கறோம்" என்று ஹைரம் அவரிடம் சொன்னபோது திர்சா அதே அறையில் இருந்தாள். வெர்ல் கிழவரைப் பார்த்தார். கிழவர் நல்லது என்றார். ஒரு வாரம் கழிவதற்குள் வெர்லின் மனைவிகள் இருவரும் வேறு வேறு ஆண்களுக்கு முத்திரிக்கப்பட்டார்கள். அந்த முத்திரிப்புகளுக்கும் கையைத் தூக்கியவள் திர்சாதான். அன்று வீட்டுக்கு வந்து பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

"நம்ம வீட்டுக்கும் வருமா அக்கா?" என்று ஓர்பாவிடம் கேட்டாள்.

"இவர் வாய மூடினா வராது" என்றாள் ஓர்பா.

"அப்ப வந்துரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான்.

இரண்டாவது வருடத்து வசந்தத்தில், செம்மண் காற்று அடித்த ஒரு காலையில், ஹைரமும் லேகியும் கிழவரின் அறைக்கு வந்தார்கள். ஹைரம் பயணச் சட்டையில் இருந்தார். சால்ட் லேக் நகரத்துக்குப் பாசனக் குழாய் வாங்கப் போவதாக ஊருக்கே தெரியும். நாற்காலி முன்னால் மண்டியிட்டார். லாரிக்காரர்கள் மண்டியிடுவதைப் போலத்தான் இருந்தது. திர்சா வழக்கம்போல மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கை, முழங்கைக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி அவர் தலையில் வைத்தாள்.

"நீ கஞ்சியப் பாரு தங்கச்சி. நாங்க இறக்கிக்கறோம்" என்றார் ஹைரம்.

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் கஞ்சி பொங்கியது. உள்ளே ஹைரமின் குரல் தாழ்வாக ஓடியது. என்ன என்று கேட்கவில்லை. கடைசியில் கிழவரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "நல்லது."

அடுத்த மாதம் பெரியப்பா இறந்துபோனார். குளிப்பாட்டி வெள்ளை உடுப்பு மாட்டியவளும் திர்சாதான். உயிரோடிருந்தவரை வலது கை இடதைவிடக் கனமாக இருந்தது. இப்போது இரண்டும் ஒரே கனம் என்று ஓர்பாவிடம் சொன்னாள்.

அடக்கத்துக்கு ஷைலோ மொத்தமும் வந்தது, மாநில எல்லைக்கு அப்பால் இருந்த சிறு குடியிருப்புகளும் வந்தன. பெண்கள் சபைக் கூடத்தின் பின்கட்டில் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டும், பீச் பழம் ஊறிய ஜாடிகளைத் திறந்துகொண்டும், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். ஒலிபெருக்கி வழியாக உள்ளே நடப்பது கேட்டது. ஹைரம் பேசினார். தகப்பனைப் பற்றி, பழைய துன்பங்களைப் பற்றி. அப்புறம் குரல் மாறாமலே சொன்னார்: ஏப்ரலில் ஒரு காலை, சகோதரன் லேகி சாட்சியாக நிற்க, தகப்பனார் தம் வலது கையை மகனின் தலைமேல் வைத்து, சபையை ஆளும் அதிகாரமான எல்லாத் திறவுகோல்களையும் மகனுக்கே கொடுத்தார்.

திர்சாவின் கையில் இருந்த ஜாடி மேசையில் இடித்தது. சாறு மேலங்கியில் கொட்டியது. பக்கத்தில் ரோவேனா நின்றாள். "துடைச்சுக்கோ" என்று துணியை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் நோலன் கேட்டான். "ஏப்ரல்ல ஒரு காலைன்னா எது?"

"குழாய் வாங்கப் போனாரே, அன்னைக்கு."

"நீ இருந்தியா?"

"கைய நான்தான் வச்சேங்க. பயணத்துக்குன்னு நெனச்சேன்."

நோலன் எழுந்து, கதவுவரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தான். "அப்ப அது அபிஷேகமே இல்ல. நீ சொன்னா முடிஞ்சுது."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நான் வெர்ல் மாதிரி. நீயும் ஓர்பாவும் யார் வீட்டுலயோ."

 ஓர்பா மேசைத் துணியில் இருந்த ரொட்டித் துகளை விரலால் ஒதுக்கி ஒதுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

ஓரின் வருவதற்கு முன்னால் ஹைரம் வந்தார். திர்சா பின்பக்கம் காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டிவிட்டு, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் மடித்தார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் துணி மடிப்பதில்லை.

"அப்பாவ கடைசி வரைக்கும் பாத்தது நீதான் தங்கச்சி. சபை மறக்காது."

"என் வேலை அது அண்ணே."

"ஓரின் சித்தப்பா வருவார். கேப்பார். நீ பொய் சொல்ல வேண்டாம். நான் சமையக்கட்டுல இருந்தேன், என்ன நடந்துதுன்னு தெரியாதுன்னு சொல்லு. அது உண்மைதான?"

"பாதி உண்மை."

"பாதி போதும்." மூலைக்கு மூலை பொருத்தினார். "நோலன் நல்ல வேலைக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம். அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கணும்னு இருக்கேன்."

"வெர்ல் சித்தப்பாவுக்கும் வாய்ப்பு கொடுக்கறேன்னு சொன்னீங்க. நான் அங்கதான் நின்னேன்."

"வெர்ல் திருந்தல."

"ஒரு வாரத்துல எப்படித் தெரிஞ்சுது?"

ஹைரம் சிரித்தார். மடித்த விரிப்பை அவள் கைகளில் வைத்தார். "கேள்வியே கேக்காத அப்பாகிட்ட வேலை பாத்தவ நீ. இப்ப நீ கேக்கற." தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வாக்கை நம்பியிருந்தால் நோலன் ஒருவேளை இன்னும் ஒரு வருடம் இருந்திருப்பான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். வெர்லின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு அதை நம்ப வழியில்லை.

ஓரின் மறுநாள் மண்வெட்டியோடு வயலில் இருந்து நேராக வந்தார். ஜோட்டுச் சேறு தரையெல்லாம் ஆனது. ஓர்பா முகம் சுளித்தாள்.

"அவரா வச்சாரா, நீ தூக்கி வச்சியா?" குரல் தெருவரை போனது.

"நான்தான் சித்தப்பா."

"கையில அசைவு இருந்துதா?"

"ஒரு விரல்கூட இல்ல."

"இத ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சொல்லுவியா?"

"பொம்பளைங்க எழுந்து பேசறதில்லையே."

"நான் கூப்பிட்டா பேசலாம். நான்தான வரிசையில மூத்தவன்."

நோலன் மேசையைத் தட்டினான். "சொல்லுவா சித்தப்பா. அவ சொன்னா அவன் மூஞ்சி எங்க போகுதுன்னு பாப்போம்."

அப்போதுதான் ஓர்பா வாய் திறந்தாள். "சித்தப்பா, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கும் டெஸ்ஸிக்கும் முத்திரிப்பு போன வருஷம்தான நடந்துது? அதுக்கும் இவதான கையத் தூக்கினா?"

டெஸ்ஸி ஓரினின் கடைசி மனைவி. இருபத்திரண்டு வயது, நிறைமாதம்.

ஓரின் காதில் கை வைத்து மறுபடி சொல்லச் சொன்னார். ஓர்பா மறுபடி சொன்னாள்.

"அது வேற" என்றார் ஓரின். "அது ஆசீர்வாதம். இது திறவுகோல். அது வேற, இது வேற."

"ஆமா, அது வேற" என்றான் நோலன்.

திர்சா ஓர்பாவைப் பார்த்தாள். ஓர்பா தரையில் இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்தால் வீடு போவது நிச்சயம். சொன்னால் நிற்க ஒரு வழியாவது உண்டு. திர்சா சரி என்றாள்.

அந்த ஞாயிறு கூடத்தில் இடம் இல்லை. வாசலிலும் ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் ஆசாரியர் குழு, மேடையில் ஹைரம், ஒரு பக்கம் லேகி. ஓரின் எழுந்து, வரிசையைப் பற்றிப் பேசிவிட்டு, திர்சாவைக் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ "இதென்ன புதுசா" என்றார்கள். தடுப்பார் என்று எல்லாரும் ஹைரமைப் பார்த்தார்கள்.

"பேசட்டும்" என்றார் ஹைரம்.

திர்சா பெண்கள் பக்கத்தில் முன்னால் வந்து நின்றாள். "அந்தக் காலையில பெரியப்பா கைய நான்தான் தூக்கி வச்சேன். பயணத்துக்குன்னு நெனச்சு வச்சேன். அந்தக் கையில உயிர் இல்ல. பக்கவாதம் வந்ததுலேருந்தே இல்ல. அவ்வளவுதான்."

ஓரின் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்கல்ல? செத்த கையால அபிஷேகம் கெடையாது."

"சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றார் ஹைரம். குரலை உயர்த்தவே இல்லை. "தங்கச்சி சொன்னதுல ஒரு வார்த்தையக்கூட நான் மறுக்கல. அவதான் தூக்கினா. எப்பவுமே அவதான் தூக்கினா." பிறகு கூடத்தைப் பார்த்தார். "அப்பா படுத்த பிறகு பேர் வச்ச பிள்ளைங்களோட அம்மாமாருங்க எழுந்து நில்லுங்க."

முதலில் ரோவேனா எழுந்தாள். இடுப்பில் குழந்தை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் ஓர்பா எழுந்தாள். அவள் கையில் இருந்தது திர்சாவின் கடைசிப் பிள்ளை; அதற்குப் பெயர் வைத்ததும் அந்தக் கைதான்.

"மூப்பரான வாலிபர்கள்."

ஆண்கள் பக்கத்தில் ஒரு வரிசை எழுந்தது.

"முத்திரிக்கப்பட்ட பெண்கள்."

இப்போது கூடத்தில் பாதி நின்றுகொண்டிருந்தது. டெஸ்ஸி முதலில் எழவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்தாள். அவள் முன்வரிசைப் பலகையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இவங்க எல்லார் தலைமேலயும் வச்சது அந்தக் கைதான்" என்றார் ஹைரம். "அது செத்த கைன்னா இந்தப் பிள்ளைங்களுக்குப் பேர் இல்ல. இந்தப் பெண்களுக்குப் புருஷன் இல்ல. ஓரின் சித்தப்பா, டெஸ்ஸி உங்களுக்கு யாரு? அவ வயித்துல இருக்கறது யாரு?"

ஓரின் வாயைத் திறந்தார். அது வேற என்று சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். டெஸ்ஸி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லவில்லை.

ஹைரம் திர்சாவிடம் திரும்பினார். "தங்கச்சி, இவங்களுக்குக் கை வச்சப்ப அப்பா என்ன சொன்னார்?"

"நல்லதுன்னு."

"அன்னைக்கு எனக்கு?"

சமையலறையில் இருந்தேன், கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். பாதி உண்மை போதும் என்று அவரே கற்றுக்கொடுத்திருந்தார். திர்சாவுக்கு அது வரவில்லை.

"நல்லதுன்னுதான்."

 ஓரின் மெல்லச் சொன்னார், அவர் அப்படி மெல்லப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "உட்காரு டெஸ்ஸி. நிக்காத." அவரும் உட்கார்ந்தார்.

புதிய தலைவரை ஆதரிப்பவர்கள் வலது கையை உயர்த்தலாம் என்று லேகி அறிவித்தார். கூடம் முழுக்கக் கைகள். தாமதமாக, ஓரினின் கையும். எங்கள் ஆட்கள் யார் கை எழவில்லை என்று பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். நோலனின் கை எழவில்லை. திர்சாவின் இரண்டு கைகளும் பாவாடை மடிப்புக்குள் இருந்தன.

அந்த வாரமே ஹைரம் அனுப்பிய இரண்டு பேர் நோலன் வீட்டுக்கு வந்தார்கள். மேசையில் ரொட்டியும் பாலும் வெங்காயத்தாளும் இருந்தன. ஒருவன் நோலனோடு சேர்ந்து கிணறு போட்டவன். கதவருகே நின்றே பேசினான்.

"தூரத்துல இருந்து மனந்திரும்பணும்னு சொல்லியிருக்கார்."

"உள்ள வந்து சொல்லேன்டா. பயமா?"

"வேணாம் நோலன். வண்டிய எடுத்துக்கலாம்னு சொன்னார். துளைபோடற இயந்திரம் சபையோடது."

நோலன் பால் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டுத்தான் எழுந்தான். துணி எடுத்துவைக்க ஓர்பா உதவினாள். வண்டியருகே திர்சாவிடம் சொன்னான்.

"ஏறு. பிள்ளைங்களயும் ஏத்து. ஃபீனிக்ஸ்ல என் தம்பி இருக்கான்."

"மெர்லா வரமாட்டாளாம்."

மெர்லா நோலனுக்கும் திர்சாவுக்கும் பிறந்த மூத்த மகள், பதினேழு வயது. சபைக் கூடத்தில் முந்திக்கொண்டு கையை உயர்த்தியவர்களில் ஒருத்தி. இப்போது தார்த்தாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அப்பாவைப் பார்க்காமல், "விசுவாசத்த விட்டு நான் எங்கயும் வரல" என்றாள்.

"அவள விட்டுட்டு வந்தா அடுத்த வாரமே யாருக்காவது முத்திரிச்சுருவாங்க" என்றாள் திர்சா. "அம்மா பக்கத்துல இருந்தா கொஞ்சம் தள்ளிப்போடலாம்."

"எவ்வளவு தள்ளுவ?"

"முடிஞ்சவரைக்கும்."

நோலன் தலையாட்டினான். ஓர்பாவைப் பார்த்து, "டெஸ்ஸி விஷயத்த நீதான் அன்னைக்கே சொன்ன" என்றான்.

"சொன்னேன். யார் கேட்டா?" என்றாள் ஓர்பா. சிரிக்க முயன்றாள். மூன்று பேருக்கும் வரவில்லை. வண்டி போன புழுதி வேலிமேல் படிந்து முடிக்கும்வரை இரண்டு பெண்களும் அங்கேயே நின்றார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் விரைவாக நடந்தது. ஓர்பாவும் அவள் பிள்ளைகளும் எல்லைக்கு அப்பால் ஒரு பால்பண்ணைக்காரர் வீட்டுக்கு. வீடு வேறொரு குடும்பத்துக்கு. திர்சா லேகிக்கு.

முத்திரிப்பு பெரியப்பாவின் பழைய அறையில் நடந்தது. கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள், நாற்காலி மட்டும் இருந்தது, இப்போது ஹைரம் அதில் உட்கார்ந்திருந்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவளின் வலது கையை மூத்த மனைவிதான் பிடித்துக் கணவன் கையில் வைக்க வேண்டும். முழு மனதோடு கொடுக்கிறாள் என்பதற்கு அதுவே அடையாளம். ரோவேனா நடுவில் நின்றாள். அவள் பெண்குழந்தை மூலையில் மெர்லாவின் மடியில் விளையாடிக்கொண்டிருந்தது.

"கையக் கொடு திர்சா" என்றாள் ரோவேனா.

திர்சா கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. வலது கை தோளிலிருந்து தொங்கியது, விரல் விரிந்து, கனமாக. ரோவேனா அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை. கண் கலங்கியது. பிறகு ஒரு கையை மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்தாள், மறு கையை முழங்கைக்கு அடியில் கொடுத்தாள், தூக்கி லேகியின் உள்ளங்கையில் வைத்தாள். விட்டால் விழும் என்று தெரிந்து, அடியில் தாங்கியபடியே நின்றாள்.

"உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார் ஹைரம்.

"நல்லது" என்றாள் திர்சா.

லேகி தலையைக் குனிந்துகொண்டார். ஹைரம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருந்தது. அதைச் சம்மதம் இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.